வலியோடு வாழ்வோர்க்கு அளவான உடற்பயிற்சி

(விவசாயிகளும் ஊராட்சி உறுப்பினர்களும் கூடிய பயிற்சி முகாமொன்றில் ஆற்றிய உரை)



விதையைப் பற்றியும், உரத்தைப் பற்றியும், நீரைப் பற்றியும், விளைபொருளின் விலையைப் பற்றியும் இத்தகைய முகாம்களில் அடிக்கடி பேசி வருகிறோம். இவையனைத்தும் நம்பி நிற்பது ஒன்றை. அது உழைப்பவரின் உடல். நாற்று நடும் பெண்ணின் இடுப்பும், மூட்டை சுமப்பவரின் முதுகும், வரப்பேறி இறங்குபவரின் முழங்காலும் இடம் கொடுத்தாலன்றி, நல்ல விதையும் நல்ல நீரும் முழுப் பயன் தாரா. ஆகவே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள், நீங்காத வலியுடையோர் தம் உடலுக்கு ஏற்ற பயிற்சியைக் கண்டுகொள்வது எப்படி என்பதாகும்.

அடிபட்டோ சுளுக்கியோ வருகின்ற வலி சில நாட்களில் தணிந்துவிடும். மூன்று மாதங்களுக்கு மேலும் நீடிப்பதையே மருத்துவர்கள் நாள்பட்ட வலி என்கின்றனர். கீழ்முதுகு வலி, முழங்கால் மூட்டுத் தேய்வு ஆகிய இரண்டும் இவ்வகையில் நம் கிராமங்களில் பெரிதும் காணப்படுபவை. 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் 61 கோடியே 90 இலட்சம் பேர் கீழ்முதுகு வலியுடன் இருந்தனர் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. 2019-ஆம் ஆண்டில் முழங்கால் தேய்வுடையோர் 36 கோடியே 50 இலட்சம் பேர். வேறொரு வகையும் உண்டு. உடல் முழுதும் வலி, தீராத களைப்பு, உறங்கியும் உறங்காத நிலை. ஆயினும் எக்ஸ்-ரே படத்திலும் இரத்தச் சோதனையிலும் ஒரு குறையும் தென்படுவதில்லை. இதனை ஃபைப்ரோமயால்ஜியா என்பர். இது பெண்களிடம் மிகுதியாகக் காணப்படுகிறது. வெளியே அடையாளம் ஏதும் இன்மையால், இவர்களைச் 'சோம்பல் படுகிறார்கள்' என்று வீட்டார் ஏசுவதும் உண்டு. வலியோடு இப்பழியையும் சுமப்பது கொடிது.

உழைப்பே பயிற்சி அன்றோ?

'பொழுது விடிந்தது முதல் பொழுது சாயும் வரை பாடுபடுகிறோம். நாற்காலியில் அமர்ந்திருப்போர்க்கு அன்றோ உடற்பயிற்சி?' என்று விவசாயிகள் கேட்பது நியாயமே. இதற்கு விடை கூறாமல் மேலே செல்லல் இயலாது.

வேலை நம் உடலைக் கேட்டு நடப்பதில்லை. நடவு நாளில் இடுப்பு ஒரே வளைவில் மணிக்கணக்காக நிற்கிறது. களை பறிக்கையில் முழங்கால்கள் மடிந்தபடியே இருக்கின்றன. சில தசைகள் ஓயாமல் இழுபடுகின்றன; வேறு சில தசைகளுக்கு வேலையே இல்லை. எவ்வளவு செய்வது, எப்போது நிறுத்துவது என்பதைப் பயிரும் பருவமும் கூலியும் முடிவு செய்கின்றன. பயிற்சியில் அவ்வாறன்று. எந்தத் தசைக்கு வலுவூட்டல் வேண்டும், எத்தனை முறை வேண்டும், எங்கே நிறுத்தல் வேண்டும் என்பவற்றை நாமே வகுத்துக்கொள்கிறோம். நெல்லையே மேன்மேலும் விளைவித்த நிலத்தில் உளுந்தையும் பயறையும் நாம் ஏன் விதைக்கிறோம்? ஒரே பயிர் நிலத்தின் ஒரே சத்தை உறிஞ்சுகிறது; மாற்றுப் பயிர் நிலத்தைத் தேற்றுகிறது. உழைக்கும் உடலுக்குப் பயிற்சியும் அத்தகைய மாற்றுப் பயிரே.

படுத்திருந்தால் ஏன் தீர்வதில்லை?

வலி வந்தால் படுத்திருப்பதே மருந்து என்று நெடுங்காலம் மருத்துவர்களும் எண்ணினர். 1986-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் டெக்சாஸ் மாநிலத்தில் முதுகுவலி கண்ட 203 பேரை இரு பிரிவாக்கி ஆராய்ந்தனர். ஒரு பிரிவினரை 2 நாட்கள் படுத்திருக்கவும், மற்றவரை 7 நாட்கள் படுத்திருக்கவும் சொன்னார்கள். இரண்டு நாள் ஓய்வு சொல்லப்பட்டவர்கள் வேலைக்கு வராத நாட்கள் மற்றவரைவிட 45 சதவீதம் குறைவாக இருந்தன. நெடிய ஓய்வினால் வேறு நன்மையும் விளையவில்லை. அதன்பின் செய்த ஆராய்ச்சிகளும் இதனையே உறுதிப்படுத்தின. 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கென வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் முறையான உடற்பயிற்சி பரிந்துரைக்கப்பட்டுள்ளது. பலர் பணம் கொடுத்து வாங்கி அணியும் இடுப்புப் பட்டையை வழக்கமான சிகிச்சையாக அது பரிந்துரைக்கவில்லை. ஃபைப்ரோமயால்ஜியாவுக்கும் உடற்பயிற்சியே முதன்மையானது என ஐரோப்பிய மூட்டுநோய் வல்லுநர்கள் 2016-ஆம் ஆண்டில் வலியுறுத்தினர்.

இதன் காரணம் அறியத்தக்கது. முழங்கால் எலும்புகளின் முனையைப் போர்த்திருக்கும் குருத்தெலும்பிற்கு இரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டினுள் இருக்கும் நீர்மத்திலிருந்தே அது தன் ஊட்டத்தைப் பெறுகிறது. நடக்கும்போது அது அமுங்கி விரிகிறது. அமுங்கி விரியும் பஞ்சு நீரை ஏற்பதுபோல் ஊட்டத்தை ஏற்கிறது. அசையாத மூட்டுக்கு இந்த ஊட்டம் குறைகிறது. அசையாத காலின் தசையும் மெலிகிறது. தசை மெலிந்தால் அது தாங்க வேண்டிய சுமை மூட்டின்மேல் விழுகிறது, வலி பெருகுகிறது, வலி பெருகவே அசைவு மேலும் குறைகிறது. இச்சுழலில் அகப்பட்டோர் பலர்.

மற்றொரு காரணம் நரம்புகளில் உள்ளது. கம்பங்கொல்லையில் பரண்மேல் காவல் இருப்பவனை எண்ணிப் பாருங்கள். சில நாட்கள் தொடர்ந்து பறவைகள் கதிரைக் கொள்ளையிட்டபின், காற்றில் ஓலை அசைந்தாலும் அவன் கவண் எடுக்கிறான். நீண்ட நாள் வலியால் நரம்புகளும் அவ்வாறே கூர்மையடைகின்றன. சிறு அசைவுக்கும் பெரிய எச்சரிக்கை கொடுக்கின்றன. ஆகவே நாள்பட்ட வலியில், வலிக்கிறது என்பதனாலேயே உள்ளே ஏதோ புதிதாகச் சேதமடைகிறது என்று கொள்ளல் வேண்டா. காவலாளியைச் சினந்து பயனில்லை. 'இவ்வளவு அசைவில் ஆபத்து இல்லை' என்பதைச் சிறிது சிறிதாக அவனுக்குப் பழக்குவதே வழி.

வலியைப் பார்த்து அன்று, அளவைப் பார்த்து

பயிற்சி நல்லது என்று கேட்டவுடன் பலர் ஒரே நாளில் பெருந்தொலைவு நடக்கின்றனர். மறுநாள் எழ முடிவதில்லை. 'பயிற்சி நமக்கு ஒத்துவராது' என விட்டுவிடுகின்றனர். வேறு சிலர் வலி தணிந்த நாளில், தேங்கிய வேலை அனைத்தையும் ஒருங்கே முடிக்க முனைகின்றனர். அடுத்த மூன்று நாட்கள் பாயில் கழிகின்றன. வலி மிகுந்த நாளில் முற்றிலும் முடங்குவதும், வலி தணிந்த நாளில் அளவு மீறுவதுமாகிய இவ்விரண்டும் ஒரே பிழையின் இரு பக்கங்கள். இரண்டிலும் வலியே எசமானனாக நின்று கட்டளை இடுகிறது.

அமெரிக்காவில் சியாட்டில் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உளவியல் அறிஞர் வில்பர்ட் ஃபோர்டைஸ் இதற்கு வேறொரு முறையைக் கொண்டார். 1976-ஆம் ஆண்டில் நூலாகவும் அதனை வெளியிட்டார். வலி தாங்காத நிலை வரும்வரை செய்து பிறகு நிறுத்துவதை விட்டு, எளிதில் முடியக்கூடிய ஓர் அளவை முன்னதாகவே குறித்துக்கொண்டு, அந்த அளவு முடிந்ததும் நிறுத்துதல் வேண்டும் என்பது அம்முறை. அளவைச் சிறுகச் சிறுக உயர்த்துவது அடுத்த படி. நொண்டி தேறிய மாட்டை முதல் நாளே முழு ஏரில் பூட்டும் விவசாயி எவரும் இல்லை. மாட்டுக்குக் காட்டும் அவ்விவேகத்தை நம் உடலுக்கும் காட்டுதல் வேண்டும்.

உங்கள் அளவைக் காணும் முறையை உதாரணத்தால் விளக்குவோம். முழங்கால் வலியுள்ள ஒருவர் ஒரு வாரம் நாள்தோறும் நடந்து, வலி கூடத் தொடங்கும் வரை எத்தனை நிமிடம் நடந்தார் என்று குறிக்கிறார். அவை 12, 8, 10, 6, 14, 8, 12 நிமிடங்கள். கூட்டினால் 70, ஏழால் வகுத்தால் சராசரி 10. இதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் 8 நிமிடம். இதுவே அவருடைய தொடக்க அளவு. மறு வாரம் நாள்தோறும் 8 நிமிடமே நடக்கிறார். வலி குறைந்த நாளில் இன்னும் நடக்கத் தோன்றினாலும் எட்டிலேயே நிற்கிறார். வலி கூடிய நாளிலும் விட்டுவிடாமல், காலையில் 4, மாலையில் 4 எனப் பிரித்து நடக்கிறார். பிறகு வாரத்திற்கு ஒரு நிமிடம் கூட்டுகிறார். பன்னிரண்டு வாரங்களில் அவர் அளவு 20 நிமிடமாகிறது. கடிகாரம் இல்லாதோர் தெருவிலுள்ள மின்கம்பங்களை எண்ணி அளவு கொள்ளலாம்.

அளவு சரியா என்று அறிய ஒரு சோதனை உண்டு. பயிற்சியின்போது சிறிது வலி கூடுவது இயல்பு. அது 24 மணி நேரத்திற்குள் பழைய நிலைக்குத் திரும்புதல் வேண்டும். மறுநாளும் வலி மிகுந்தே இருப்பின் அளவு மிகையானது எனக் கொண்டு ஒரு படி இறங்குக. பயிற்சியையே கைவிட வேண்டா. டென்மார்க் நாட்டில் 2013-ஆம் ஆண்டு முதல் முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்வு உடையோர்க்கு நடத்தப்பெற்றுவரும் பயிற்சி வகுப்புகளிலும் இவ்வகை விதியே பின்பற்றப்படுகிறது. அங்கு வாரத்தில் இரு முறையாக ஆறு வாரங்கள் குழுவாகக் கூடிப் பயில்கின்றனர்.

வீட்டிலேயே செய்யத்தக்கவை

பயிற்சிக்குக் கருவி வேண்டுவதில்லை. திண்ணையும் பாயும் போதும்.

முதலாவது, கால் நீட்டல். திண்ணையில் அமர்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி, மெல்ல இறக்குக. இது தொடையின் முன்தசைக்கு வலுவூட்டும். அத்தசையே முழங்காலின் காவல்.

இரண்டாவது, எழுந்து அமர்தல். சற்று உயரமான திண்ணையிலோ நாற்காலியிலோ அமர்ந்து, இயன்றவரை கை ஊன்றாமல் எழுந்து, மெல்ல அமர்க.

மூன்றாவது, இடுப்பு உயர்த்தல். பாயில் மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடித்து, பாதங்களை ஊன்றி, இடுப்பைச் சிறிது உயர்த்தி இறக்குக. இது முதுகையும் இடுப்பையும் தாங்கும் தசைகளுக்கு ஆகும்.

இவற்றை முதலில் ஐந்து ஐந்து முறை செய்தால் போதும். மூச்சை அடக்குதல் கூடாது. நடவு, களையெடுப்பு நாட்களில் உடல் ஏற்கெனவே களைத்திருக்குமாதலால் அளவைப் பாதியாக்கிக்கொள்க. முற்றிலும் நிறுத்த வேண்டா. குனிந்து செய்யும் வேலையின் இடையிடையே நிமிர்ந்து நின்று பத்தடி நடந்து மீள்வதும் பயிற்சியே.

கைத்தடி பிடிப்பதில் வெட்கம் வேண்டா. வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் தடியைப் பிடித்தல் வேண்டும். வலது முழங்கால் வலித்தால் இடது கையில் தடி. கை தொங்கும்போது மணிக்கட்டு இருக்கும் உயரமே தடியின் பிடிக்கு ஏற்ற உயரம். உடல் பருத்தோர் ஒன்றை நினைவில் கொள்க: எடையில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின்மேல் விழும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது.

பயிற்சியால் வலி முழுதும் மறைந்துவிடும் என்று நாம் வாக்களிக்கவில்லை. பலருக்கு வலி ஓரளவு குறைகிறது. அதனினும் மேலாக, வலி இருக்கும்போதே கிணற்றடிக்கும் கோயிலுக்கும் வயலுக்கும் பிறர் துணையின்றிச் சென்று வரும் வலிமை மீள்கிறது. அப்பயனும் சில நாட்களில் தெரிவதன்று. பல வாரங்கள் ஆகும். 150 முதல் 300 நிமிடம் வரை வாரத்தில் மிதமான உடலியக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டில் வகுத்தது. அதனைக் கண்டு மலைக்க வேண்டா. ஒன்றும் செய்யாதிருப்பதைவிடச் சிறிதேனும் செய்வது நன்று என்பதையும் அதே நிறுவனம் கூறியுள்ளது.

எப்போது மருத்துவரை நாடுவது?

எல்லா வலியும் பயிற்சிக்கு உரியதன்று. வலியுடன் காய்ச்சலோ, காரணமற்ற உடல் மெலிவோ காணுதல். இரவில் படுத்தாலும் தணியாது வலி பெருகுதல். மூட்டு சிவந்து, சூடேறி, வீங்குதல். விழுந்து அடிபட்டபின் வலி தோன்றுதல். முன்னரே காசநோயோ புற்றுநோயோ கண்டிருத்தல் ஆகிய நிலைகளில் முதலில் மருத்துவரிடம் செல்லுக. முதுகெலும்பைத் தாக்கும் காசநோயும் உண்டு என்பதை மறத்தல் கூடாது. கால் வலுவிழந்து போவதும், தொடையிடுக்கில் உணர்வு மரத்துப்போவதும், சிறுநீர், மலம் கட்டுப்பாடின்றிப் போவதும் ஒரு நாளும் தாமதிக்கத்தகாத அறிகுறிகள். இதய நோய் உள்ளோரும், நடக்கையில் மார்பு வலிப்போரும் மருத்துவரைக் கேட்டபின்னரே தொடங்குக.

கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையைப் பற்றியும் ஒரு சொல். மருத்துவர் கூறாமல் நாள்தோறும் விழுங்கும் அம்மாத்திரைகள் வயிற்றில் புண்ணையும், சிறுநீரகத்திற்குக் கேட்டையும் விளைவிக்கக் கூடியவை. மாத்திரை விழுங்கி வலியை மறைத்துக்கொண்டு முழு நாள் நடவுக்குச் செல்வது, கடன் வாங்கி வட்டி கட்டுவது போன்றது. வட்டி பின்னர் உடலிலிருந்தே வசூலாகும்.

ஊராட்சி செய்யத்தக்கவை

இதுகாறும் கூறியவை தனி மனிதர் செய்யத்தக்கவை. ஆனால் தெருவெல்லாம் மேடு பள்ளமாக இருக்கையில், 'நாள்தோறும் நடங்கள்' என்று முழங்கால் வலியுடையோரிடம் சொல்வது எங்ஙனம் பொருந்தும்? இங்கேதான் ஊராட்சி உறுப்பினர்களின் கடமை தொடங்குகிறது.

ஊரில் ஒரு தெருவையேனும் சமன் செய்து, நூறு அடிக்கு ஓர் அடையாளம் இட்டு, இடையிடையே கல் மேடை அமைத்தால், வலியுடையோர் அளவறிந்து நடப்பர், களைத்தால் அமர்வர். நியாய விலைக் கடையிலும் பேருந்து நிற்குமிடத்திலும் ஒரு பலகை போட்டால் அவர்கள் கால் கடுக்க நிற்க வேண்டியதில்லை. பொதுக் கழிப்பிடங்களில் ஒன்றிலேனும் உயர்ந்த இருக்கையும் கைப்பிடியும் இருத்தல் வேண்டும். குந்த இயலாமையைச் சொல்ல நாணி, நீர் அருந்துவதையே குறைத்துக்கொள்ளும் முதிய தாய்மார்களின் துயரை இது தீர்க்கும். வரிசை நடவு வயல்களில் நின்றபடியே தள்ளும் கோனோ களையெடுப்பான் போன்ற கருவிகள் வாடகைக்குக் கிடைக்கச் செய்வதும், தலைச்சுமைக்கு மாற்றாகத் தள்ளுவண்டிகள் வைப்பதும், வரும் வலியை முன்னரே தடுக்கும் பணிகளாம்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பெற்றபோது, இல்லம் சென்று இயன்முறைச் சிகிச்சை அளிப்பதும் அதில் சேர்க்கப்பட்டது. உங்கள் ஊரில் இச்சிகிச்சை வேண்டுவோர் எத்தனை பேர் எனக் கணக்கெடுத்து, ஆரம்ப சுகாதார நிலையத்துடன் கலந்து ஆவன செய்யலாம். மகளிர் குழுக்கள் கூடும் நாளில் கால் மணி நேரம் பயிற்சிக்கு ஒதுக்கலாம். தனியே செய்தால் நாலாம் நாள் நின்றுபோவது, நால்வர் கூடிச் செய்தால் நிலைத்து நிற்கும். கிராம சபையில் சாலையையும் குடிநீரையும் பற்றிப் பேசுவது போலவே இதனையும் பேசலாம். அச்சபைக்கு நடந்து வர இயலாதோரின் குரல் அங்கு ஒலிப்பதில்லை. ஆகையால் அவர்களுக்காகப் பேச வேண்டியவர்கள் நீங்களே.

பெரியோர்களே! நடவு முடிந்த வயலில் ஒரே நாளில் ஆளுயரம் நீர் கட்டுவோர் எவரும் இல்லை. நீரின்றிக் காயவிடுவோரும் இல்லை. வேர் பிடிக்கும் அளவறிந்தே மடை திறக்கிறோம். வலியுடைய உடலுக்கும் இதுவே முறை. உங்கள் வீட்டில் வலியோடு ஒருவர் இருப்பாராயின், இன்று மாலை அவரிடம் 'ஏன் படுத்திருக்கிறீர்கள்?' என்று கேட்கவேண்டா. 'எத்தனை கம்பம் வரை நடக்கலாம்? நானும் உடன் வருகிறேன்' என்று கேளுங்கள். அவர் சொல்லும் கம்பம் வரை உடன் நடந்து, அங்கேயே நின்று, உடன் திரும்புங்கள்.